நம்பாதவர் வீட்டு வாசல்

எங்கள் தெருவில் பரசுராமனைக் கோபக்காரர் என்று சொல்லாதவர்கள் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன். பதினைந்து வருஷம் பக்கத்தில் குடியிருந்த பிறகு எனக்கு அதில் ஒரு திருத்தம் உண்டு. அவர் பிறவிக் கோபக்காரர் இல்லை. நாங்கள்தான் அவரை அப்படி ஆக்கினோம். ஒரே நாளில் ஆக்கிவிடவில்லை. அமாவாசைக்கு அமாவாசை, வெள்ளிக்கு வெள்ளி, நல்லது கெட்டதுக்கு நடுவில், கொஞ்சம் கொஞ்சமாக ஆக்கினோம்.

ஜில்லாவைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிய வருஷம் அவர் ஆரணியிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் எங்கள் தெரு மூன்றாகப் பிரிகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த முச்சந்தியில் ஒரு மனை வெகுகாலம் விலை போகாமல் கிடந்தது. நேர் எதிரே தெரு வந்து குத்துகிற மனை. அதில் வீடு கட்டினால் குடும்பம் விளங்காது என்று புரோக்கரே சொல்லிவிடுவான். பரசுராமன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கம்மி விலைக்கு வாங்கிப் போட்டு, ஆறே மாதத்தில் வீடும் கட்டிவிட்டார். கிரகப்பிரவேசம் கிடையாது, ஹோமம் கிடையாது. எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். ஹாலில் சாமி படம் இல்லை. தன் கல்யாணமும் ஐயர் இல்லாமல் நடந்தது என்பதை முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொன்னார். மகளுக்குத் தென்றல் என்று பேர் வைத்திருந்தார். மனைவி மணியம்மாள் மட்டும் அடுப்படி அலமாரிக்குள் ஒரு சின்ன அண்ணாமலையார் படத்தைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள் என்பது என் மனைவி பச்சையம்மாளுக்கு மட்டும் தெரியும்.

நல்ல மனிதர். தெருவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் லுங்கியோடு கிளம்பி வருவார். மழை கொட்டுகிற நேரத்தில் கட்டையைப் பிடுங்கிக் கம்பி சுற்றிப் போட்டுவிட்டு, ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் போவார். தீபத்துக்கு ஊரே கூட்டத்தில் மூச்சுத் திணறுகிற நாளிலும் எங்கள் தெருவில் விளக்கு அணைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்டவர் வீட்டு வாசலில்தான் நாங்கள் எங்கள் திருஷ்டியை எல்லாம் கொட்டினோம்.

கழித்த திருஷ்டியை முச்சந்தியில் போடவேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஊரில் எத்தனையோ முச்சந்தி இருந்தாலும் எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உப்பும் மிளகாயும் சுற்றி அங்கே. மாப்பிள்ளை பெண் வந்து இறங்கினால் ஆரத்தித் தண்ணி அங்கே. புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழம் அங்கே. நான் டிவிஎஸ் ஃபிஃப்டி வாங்கினபோது அவர் கேட்டுக்கு முன்னால்தான் பழத்தை வைத்து நசுக்கிவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். எலுமிச்சை விதை அவர் கேட்டில் தெறித்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பௌர்ணமிக் கூட்டம் தொண்ணூறுகளின் நடுவில் பெருகியதும் சரசு என்ற எங்கள் தெருக்காரி முனையில் ஒரு மெஸ் போட்டாள். புருஷன் இருசப்பன் ஆட்டோ ஓட்டுவார், அவள் இட்லி அவிப்பாள். மலை சுற்றிவிட்டு வருகிற ஜனம் வரிசையில் நின்று சாப்பிட்டது. வியாபாரம் கண்ணில் படும்படி நடந்ததால் கண் பட்டுவிடுமே என்று அவளுக்குப் பயம். அமாவாசை தவறாமல் ஒரு பூசணிக்காயை வெட்டி, குங்குமத்தை அப்பி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, முச்சந்தியில் ஓங்கி உடைப்பாள். பரசுராமன் வீட்டுச் சுவர் இடுப்பு உயரத்துக்குச் சிவப்பாகிவிடும்.

மறுநாள் காலை அதை யார் எடுப்பது? கழித்துப் போட்டதை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது, தொடவே கூடாது. ஊர் முழுக்க நம்பிக்கை உள்ளவர்கள் இருந்தால் குப்பை அள்ள நம்பாதவர் ஒருவர்தானே வேண்டும்? விடியற்காலையில் அவர்தான் தென்னந்துடைப்பமும் பழைய தகர டின்னுமாக வெளியே வருவார். ஈ மொய்க்கிற பூசணியை அள்ளி, தண்ணீர் அடித்து, சுவரைத் தேய்த்துவிட்டு டியூட்டிக்குப் போவார். நாங்கள் எல்லாரும் ஓரமாக ஒதுங்கி நடந்து போவோம்.

முதலில் மரியாதையாகத்தான் கேட்டார். சரசு மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

"அண்ணா, உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லியே. நம்பாதவங்கள இது ஒட்டாது. வேற யாரு வூட்டு முன்னால போட்டாலும் அவங்களுக்குப் பாவம் இல்லியா?"

கேலிக்குச் சொன்னதில்லை. மனசார நம்பிச் சொன்னாள். எங்கள் தெரு மொத்தமும் அப்படித்தான் நினைத்தது. அவர் வாசல் ஒன்றுதான் யாருக்கும் கெடுதல் வராத இடம். பரசுராமன் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். ஒட்டும் என்று சொன்னால் அவர் கொள்கை போச்சு. ஒட்டாது என்றால் வாசல் போச்சு.

வண்டி வழுக்கும் என்று சொல்லிப் பார்த்தார். ஒருநாள் பால்காரர் நிஜமாகவே வழுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டார். பரசுராமனே கட்டுப் போட்டு அனுப்பினார். அதற்கடுத்த அமாவாசைக்கு சரசு ஓர் அடி தள்ளி உடைத்தாள், அவ்வளவுதான். "இங்கே திருஷ்டி கழிக்காதீர்" என்று போர்டு எழுதி வைத்தார். இரண்டாம் நாள் அந்தப் போர்டுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஒரு பெரிய கல்லைக் கொண்டுவந்து போட்டார். பூசணிக்காய் உடைக்கக் கல் வசதியாகப் போயிற்று. நகராட்சிக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒருநாள் பேப்பரோடு கிளம்பினவர், பாதி வழியில் என்னைப் பார்த்துத் திரும்பி வந்தார்.

"இன்னான்னு எழுதுறது சார்? எலுமிச்சம்பழம் போடுறாங்கன்னா?"

அவர் கஷ்டம் அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. வேலியை நகர்த்தி வைத்தால் வக்கீல் இருக்கிறார். அடித்தால் போலீஸ் இருக்கிறது. ஒரு துண்டு எலுமிச்சம்பழத்துக்கு யாரிடம் போவது? போனால் நாம்தான் அற்பமாகத் தெரிவோம். எதிராளி செய்வது அற்பம் என்று யாருக்கும் தோன்றாது, அதைப் பெரிசு பண்ணுகிறவன்தான் அற்பன். அந்தப் பயத்தில் விழுங்குகிறோம். ஒரு தடவை விழுங்கினால் ஜீரணமாகிவிடும். மாதாமாதம் விழுங்கினால்?

இன்னொன்றும் உண்டு. பூசணிக்காய் உடைகிற சத்தம் ஒரு விநாடி. ஆனால் அமாவாசைக்கு மூன்று நாள் முன்பே அவர் முகம் மாறிவிடும். தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போதே பல்லைக் கடிப்பார் என்று மணியம்மாள் சொல்லுவாள். அவர் கோபம் பூசணிக்காய் மேலே இல்லை. போன தடவை கேட்டுக்கொண்ட பிறகும், நேற்றுதான் சரசு வீட்டு மெயின் ஸ்விட்ச்சைச் சரிபண்ணிக் கொடுத்த பிறகும், அவள் யோசித்துப் பார்த்து மறுபடியும் இங்கேதான் வருகிறாளே, அதன் மேலே. ஒவ்வொரு தடவையும் நீ எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று புதிதாகச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி அவருக்கு இருந்தது. நாங்கள் அப்படிச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்யவும் எனக்கு வாய் வராது.

வயசு ஏற ஏறக் குணம் மாறியது. எதற்கெடுத்தாலும் சீறினார். யாராவது கேட்டருகே நின்று பேசினாலே எட்டிப் பார்த்தார். ஃப்யூஸ் போட வருவதை நிறுத்தவில்லை, ஆனால் பேசாமல் வந்து பேசாமல் போனார்.

தென்றலுக்கு இரண்டாயிரத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மறு வருஷம் ஆவணியில் அந்தப் பெண் தனியாகப் பெட்டியோடு வந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. டைபாய்டு, அம்மா வீட்டில் ரெஸ்ட் எடுக்க வந்திருக்கிறாள் என்று மணியம்மாள் சொன்னாள். நாங்கள் நம்பினோம்.

உண்மை வேறு. வயிற்றில் நாலு மாதம் தங்கியது கலைந்துவிட்டது. அதை வெளியில் சொல்லக் கூடாது என்று தென்றல் அம்மாவிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அவளுக்கு இந்தத் தெரு தெரியும். விஷயம் தெரிந்தால் யாரும் திட்டமாட்டார்கள். பாவம் என்பார்கள். அதற்குப் பிறகு நல்ல காரியம் எதற்கும் முன்னால் வந்து நில் என்று கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டாலும் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும். வேலூரில் மாமியார் வீட்டுப் பக்கம் ஏற்கெனவே அந்தப் பார்வை தொடங்கியிருந்தது. யாருக்கும் தெரியாத ஓர் இடம் வேண்டும் என்றுதான் அவள் இங்கே வந்தாள். அப்பாவிடமும் அதைக் கேட்டுக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, என் வாயிலிருந்து வராது என்று சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அந்தச் சமயத்தில் சரசுவின் மருமகள் பாஞ்சாலைக்கு ஏழாவது மாதம். பாஞ்சாலை உள்ளூர்ப் பெண், தென்றலோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவள். வளைகாப்புக்கு அவளே நேரில் வந்து தென்றலைக் கூப்பிட்டாள். மணியம்மாள் போகாதே என்றாள். தென்றல் போனாள். சும்மா போகவில்லை. வேலூரிலிருந்து வரும்போதே தனக்கென்று பெட்டியில் வைத்திருந்த கண்ணாடி வளையலில் இரண்டை எடுத்துப் போனாள். மயில்பச்சை, நடுவில் பொன்வரி ஓடும். எங்கள் ஊர் வளையல் கடைகளில் அந்த மாதிரி கிடையாது. பாஞ்சாலை கையில் அதைப் போட்டதும் பெண்கள் எல்லாரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் என்று பச்சையம்மாள் சொன்னாள். தென்றல் சந்தோஷமாகத்தான் இருந்தாளாம். வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தாளாம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் ஷாமியானா போட்டிருந்தது. ஆண்கள் நாங்கள் வெளியே உட்கார்ந்து புளிசாதமும் தயிர்சாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தென்றல் இடுப்பில் செருகிய முந்தானையோடு பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் உள்ளே ஆரத்தி எடுத்து முடித்தார்கள். சரசு தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கமான இடத்துக்கு நடந்தாள். கேட்டுக்கு நேராக, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்தண்ணியை ஊற்றினாள்.

பரசுராமன் அப்போதுதான் எங்கேயோ லைன் அறுந்ததைச் சரிபண்ணிவிட்டு, காலையிலிருந்து சாப்பிடாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தண்ணி அவர் செருப்பு வரைக்கும் ஓடி வந்தது. சைக்கிளை அப்படியே விட்டார். அது சாய்ந்து விழுந்தது.

நான் எழுந்து ஓடியிருக்கவேண்டும். கையில் தயிர்சாதத்தோடு வேடிக்கை பார்த்தேன்.

சரசு, இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க அண்ணா, நல்ல காரியம் என்று சொன்னாள். அந்தப் பொறுத்துக்கோங்கதான் அவரை என்னமோ செய்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாகப் பொறுத்தவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

"உன் மருமவ மேல பட்ட கண்ணெல்லாம் என் வாசலுக்கா? என் பொண்ணு? நாலு மாசம் வயித்துல இருந்தது கலைஞ்சி இன்னும் முழுசா ஒரு மாசம் ஆவல. இத்தினி வருசமா நீங்க எல்லாம் கொட்டுனதுதான் அவள ஒட்டிச்சி."

கத்தவில்லை. தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது போலிருக்கிறது. ஹாலில் சாமி படம் வைக்காத மனிதர். ஒட்டிச்சி என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. மகள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து நடுத்தெருவில் போட்டுவிட்டார்.

சரசு பதிலுக்குச் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். உள்ளே பாஞ்சாலை கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அப்பளக் கூடையோடு நின்ற தென்றலைப் பார்த்தாள். அவளோடு சேர்ந்து எல்லாரும் பார்த்தோம். தென்றல் கூடையைப் பெஞ்சு மேல் வைத்தாள், முந்தானையை எடுத்துவிட்டாள், வீட்டுக்கு நடந்தாள். வழியில் நின்ற பெண்கள் ஒதுங்கினார்கள். தேவைக்கு அதிகமாகவே ஒதுங்கினார்கள்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது பரசுராமன் துடைப்பத்தோடு முச்சந்தியில் நின்றுகொண்டிருந்தார். பெருக்கவில்லை. குனிந்து பார்த்தபடி நின்றார். அவர் காலடியில் ஒரு பிடி உப்பு, நாலு காய்ந்த மிளகாய். அதன் மேல் இரண்டு மயில்பச்சை வளையல். உடையவில்லை. பத்திரமாகக் கழற்றி, பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

சரசுவை நான் குறை சொல்லமாட்டேன். என்ன பண்றது பச்சையம்மா, தலைச்சன் புள்ள, பயமா இருக்குது என்று என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். பாஞ்சாலை கழற்றமாட்டேன் என்று அடம் பிடித்தாளாம். கையைப் பிடித்துச் சோப்புப் போட்டுக் கழற்றினார்களாம்.

நான் அவர் பக்கத்தில் போவதற்குள் தென்றல் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். ஊருக்குப் போகிற புடவை கட்டியிருந்தாள். குனிந்து, உப்பைத் தட்டிவிட்டு, இரண்டு வளையலையும் எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். பரசுராமன் அவள் பேரைச் சொன்னார். அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள், சத்தம் போடாமல்:

"அவங்க பூசணிக்காயத்தாம்பா கொண்டாந்து போட்டாங்க. என்னைப் போட்டது நீங்க."

ஏழு மணி வேலூர் பஸ்ஸுக்கு அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இருசப்பன் ஆட்டோவைக் கொண்டுவந்து பக்கத்தில் உருட்டிக்கொண்டே ஏறும்மா ஏறும்மா என்று கெஞ்சினார். அவள் ஏறவில்லை. பரசுராமன் துடைப்பத்தைப் பிடித்தபடியே பின்னால் கொஞ்ச தூரம் போனார். அப்புறம் நின்றுவிட்டார்.

அடுத்து வந்த அமாவாசைக்கு சரசு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு செங்கம் ரோடு வரைக்கும் போனாள். மற்றவர்களும் அப்படியே. ஒட்டும் என்று அந்த மனுஷரே சொன்ன பிறகு அங்கே எப்படிப் போடுவது என்று பச்சையம்மாள் என்னைக் கேட்டாள். பன்னிரண்டு வருஷம் கெஞ்சியும் எழுதி வைத்தும் நடக்காதது ஒரே வாரத்தில் நடந்துவிட்டது. முச்சந்தி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காலையில் அவர் பழக்க தோஷத்தில் துடைப்பத்தோடு வந்து, பெருக்க ஒன்றும் இல்லாமல், உள்ளே போவார். யாரும் அவர் கேட்டருகே நின்று பேசுவதில்லை.

பாஞ்சாலைக்கு நல்லபடியாகப் பெண் பிறந்தது. பரசுராமன் அந்த வீட்டு வாசலில் போய் நின்று சரசுவிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார். அவளும் பதிலுக்கு ஏதோ சொன்னாள். அவர்களுக்குள் சரியாகிவிட்டது. வேலூருக்கு அவர் எழுதின கடுதாசிக்கு மட்டும் பதில் வரவில்லை. நான் தபால் ஆபீஸில் வேலை செய்தவன். எங்கள் தெருப் பையை நானே பிரித்துப் பார்ப்பேன்.

மூன்று வருஷம் கழித்து மணியம்மாள் அடிக்கடி வேலூருக்குப் போக ஆரம்பித்தாள். முட்டி வலிக்கு அங்கே ஒரு வைத்தியர் நன்றாகப் பார்க்கிறார் என்று சொன்னாள். பரசுராமன் நம்பினார், பஸ் ஏற்றிவிட்டார், தைலம் தீர்ந்துவிட்டதா என்று விசாரித்தார். ஒரு தடவை போனவள் இருபது நாள் திரும்பவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் ஸ்வீட் டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தார். இப்போதுதான் ஃபோன் வந்தது, தென்றலுக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்றார். நான் கையைப் பிடித்துக் குலுக்கினேன். எப்போது என்று கேட்டேன்.

"மூணு நாள் ஆச்சாம் சார்" என்றார். "அவங்க அம்மாவுக்கு மொதல்லேருந்து தெரியுமாம். எங்கிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு பொண்ணு சொல்லியிருக்குது."

டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன். பச்சையம்மாள் ஒன்று எடுத்துக்கொண்டாள். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.